சுகர் ஃப்ரீ ஸ்வீட்டா, இசப்கோலா, சுண்டலா? சர்க்கரையும் மலச்சிக்கலும் சேர்ந்திருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சர்க்கரை நோய் இருக்கிறது, கூடவே மலச்சிக்கலும். இனிப்பு ஆசையோ விட்டபாடில்லை. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும் வீடுகள் ஏராளம். அங்கிருந்து வரும் கேள்வியும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: “சுகர் ஃப்ரீ ஸ்வீட் சாப்பிட்டா அப்பாவுக்கு மறுநாள் நல்லா போகுது. ஃபைபர் வேற சேர்த்திருக்குன்னு டப்பாவுல போட்டிருக்கு. மலச்சிக்கலுக்குக் குடிக்கிற இசப்கோல் உமியை நிறுத்திட்டு இதையே கொடுக்கலாமா?”

வேண்டாம் என்பதே என் பதில். மறுநாள் “நல்லா போவதற்கு” காரணம் அந்த ஸ்வீட்டில் உள்ள நார் அல்ல, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும், குடல் சரியாக உறிஞ்ச முடியாத மால்டிட்டால் போன்ற ஒரு பொருள். இனிப்பை இனிப்புக்காக வாங்க வேண்டும், நாரை நாருக்காகச் சாப்பிட வேண்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் தேடினால் காசும் போகும், வயிறும் கெடும். ஆனாலும் ‘சுகர் ஃப்ரீ’ என்ற ஒரே பெயரில் பல விதமான சரக்கு விற்கிறது. நாரிலும் பல வகை. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் ரத்தச் சர்க்கரை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்பது.

அடுத்தது நாரின் கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார், அதுவும் உணவில் இயற்கையாகவே உள்ள நாராக, வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. ஒரு தட்டு வெள்ளைச் சோற்றில் இருப்பது ஒன்று முதல் மூன்று கிராம்தான். மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்றே ஓடினால் 25 எட்டாத உயரம்.

மூன்றாவது வயிறு. உப்புசம், வாயு, கடமுட சத்தம், அவசரமாக ஓட வேண்டிய நிலை. கடைசியாக, விலைச்சீட்டில் தெரியாத செலவுகள்: கலோரி, மருந்தோடு வரும் மோதல், சமைக்க ஆகும் நேரம்.

| | ரத்தச் சர்க்கரை | உண்மையான நார் | வயிறு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| மால்டிட்டால் வகை ஸ்வீட் | ஏறும், ஆனால் குறைவாக | கிட்டத்தட்ட இல்லை | வாயு, அளவு மீறினால் போக்கு | நெய், கோவா கலோரி அப்படியே |
| சுக்ரலோஸ், ஸ்டீவியா மட்டும் போட்டது | இனிப்பூட்டியால் ஏறாது | இல்லை | பெரும்பாலும் தொல்லையில்லை | மாவும் பாலும் ஏற்றும் |
| பேரீச்சை, கருப்பட்டி ஸ்வீட் | நன்றாகவே ஏறும் | பேரீச்சையில் கொஞ்சம் | பலருக்குச் சரி | ‘இயற்கை’ என்று கூடுதலாகச் சாப்பிடுவது |
| இசப்கோல் | சற்றுக் குறைக்க உதவும் | நிறைய | வாயு குறைவு | தண்ணீர், மாத்திரை இடைவெளி |
| ‘ஹை ஃபைபர்’ பிஸ்கட் | ஏறும் | கொஞ்சம் | சேர்த்த நாரைப் பொறுத்தது | மைதா, எண்ணெய், சர்க்கரை |
| பயறு, கீரை, சிறுதானியம் | மெதுவாக ஏறும் | நிறைய | முதல் சில வாரம் வாயு | சமைக்கும் வேலை |

## மால்டிட்டால் வகை ஸ்வீட்

குழப்பம் அதிகம் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

ஸ்வீட்டில் சர்க்கரைக்கு இரண்டு வேலை. ஒன்று இனிப்பது, இன்னொன்று கட்டுமானம். மைசூர்பாக்குக்குக் கம்பிப் பதம் வேண்டும், லட்டு உருண்டை பிடிக்கப் பாகு வேண்டும். சுக்ரலோஸ் சர்க்கரையைப் போல் சுமார் 600 மடங்கு இனிக்கும். ஒரு கிலோ ஸ்வீட்டுக்கு ஓரிரு சிட்டிகையே போதும். அந்தச் சிட்டிகையை வைத்துப் பாகு காய்ச்ச முடியுமா? எடைக்கும் பதத்துக்கும் வேறொன்று வேண்டும். அங்கேதான் மால்டிட்டால், சார்பிட்டால், ஐசோமால்ட் போன்ற பாலியால்கள் வருகின்றன. சர்க்கரை இல்லாமலே ஒரு மைசூர்பாக் மைசூர்பாக் மாதிரி இருந்தால், உள்ளே பாலியாலோ அதுபோன்ற வேறு நிரப்பியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலியால்களைச் சிறுகுடல் அரைகுறையாகத்தான் உறிஞ்சும். மிச்சம் கீழே போகும்போது தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொண்டே போகும். பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவாக்கும். தண்ணீரும் வாயுவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் லாக்டிட்டால் சிரப்பும் இதே குடும்பம்தான். அதாவது அப்பா சாப்பிட்டது, அளவு குறிக்காத ஒரு பேதி மருந்து என்றே சொல்லலாம். மலத்துக்குப் பருமனையும் பிடிப்பையும் கொடுத்து, நாள்தோறும் ஒழுங்காகப் போக வைக்கும் நாரின் வேலையை இது செய்வதில்லை.

எவ்வளவு சாப்பிட்டால் தொல்லை? ஆளுக்கு ஆள் மாறும். சார்பிட்டாலில் 5 முதல் 20 கிராமுக்குள்ளேயே பலருக்கு வாயுவும் வயிற்றுப் பிடிப்பும் தொடங்கிவிடும். 20 கிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கே வரலாம். மால்டிட்டாலை உடம்பு இன்னும் சற்றுக் கூடுதலாகப் பொறுக்கும். ஒரு துண்டு 40 கிராம் என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு பாலியால் என்றும் வைத்துக்கொண்டால் ஒரு துண்டுக்கே 13 கிராம். “சுகர் ஃப்ரீதானே” என்று மூன்று துண்டு உள்ளே போனால் 40 கிராமை நெருங்குகிறது. எடை குறைவு என்பதால் குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் எல்லை மீறிவிடும்.

இது நாள்பட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு மருத்துவப் பதிவு உண்டு. 2008இல் பெர்லின் மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். காரணம் தெரியாத நீண்டகால வயிற்றுப்போக்கு, எடை தாறுமாறாக இறங்கியிருந்தது. விசாரித்தால், இருவரும் தினமும் மெல்லும் சுகர் ஃப்ரீ சூயிங் கம்மில் இருந்த சார்பிட்டால்தான் காரணம். 20 வயதைச் சற்றே தாண்டிய ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18, 20 கிராம் உள்ளே போயிருந்தது. நிறுத்தியதும் சரியாகிவிட்டது. மிட்டாயையும் சூயிங் கம்மையும் யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. டாக்டர் “என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டாலும் சொல்லத் தோன்றாது.

சர்க்கரை பக்கம் வந்தால், மால்டிட்டால் பூஜ்யம் இல்லை. ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் குறியீடு இதற்குச் சுமார் 35. சர்க்கரைக்கு அது 65 வாக்கில். கலோரியும் கிராமுக்கு 2 சொச்சம், சர்க்கரையில் 4. பாதி லாபம். ஆனால் நெய்யும் முந்திரியும் கோவாவும் முழு அளவில் அப்படியேதான் இருக்கும்.

மருந்தோடு வரும் மோதல் ஒன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. சர்க்கரை நோய்க்கான வாக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் மாவுச்சத்தைச் சிறுகுடலில் உடைய விடாமல் தடுப்பவை. அதனாலேயே வாயு வரும். அதோடு மால்டிட்டாலும் சேர்ந்தால் இரட்டைப் பங்கு. மெட்ஃபார்மினுக்கும் வயிற்றைக் கலக்கும் குணம் உண்டு. எனவே புதிதாக மாத்திரை தொடங்கிய வாரத்தில் புதிதாகச் சுகர் ஃப்ரீ ஸ்வீட்டையும் தொடங்காதீர்கள். எது கலக்கியது என்று கண்டுபிடிக்க முடியாது.

*எப்போது இதுவே சரி:* விசேஷ நாளில், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே ஒரு துண்டு. பல்லுக்கும் இது நல்லது, சர்க்கரை மாதிரி சொத்தையாக்காது. *எப்போது வேண்டவே வேண்டாம்:* ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) இருப்பவர்கள், அடிக்கடி வயிறு இளகுபவர்கள், சிறு குழந்தைகள், நாளைக் காலை நீண்ட பஸ் பயணம் இருப்பவர்கள்.

இந்தக் குடும்பத்தில் எரித்ரிட்டால் மட்டும் கொஞ்சம் விலகி நிற்கும். பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடுவதால் வயிற்றுக்கு மென்மை, சர்க்கரையும் ஏறாது. ஆனால் ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் அதிகம் இருந்ததாக 2023இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. இதய நோயும் இருப்பவர் என்றால் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம் என்பேன். ஸைலிட்டாலுக்கு வேறொரு எச்சரிக்கை: வீட்டில் நாய் இருந்தால் அந்த மிட்டாயை எட்டாத இடத்தில் வையுங்கள். மனிதருக்கு வாயு வரவைப்பது நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

## சுக்ரலோஸ், ஸ்டீவியா மட்டும் போட்டவை

பாயசம், பால் ஸ்வீட், காபி ஆகியவற்றுக்கு இவை பொருந்தும், ஏனென்றால் அங்கே பாகு தேவையில்லை. அளவு மிகக் குறைவு என்பதால் தண்ணீரை இழுப்பது, வாயு போன்ற சிக்கல் பெரிதாக வராது. பாயசம் குடித்து வயிறு உப்பினால் முதலில் பாலைச் சந்தேகியுங்கள். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இனிப்பூட்டி சர்க்கரையை ஏற்றாது, ஆனால் சேமியாவும் பாலும் ஏற்றும். எடையைக் கட்டுப்படுத்துவதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டிலேயே செய்பவர்களுக்கு, இனிப்பு வகைகளில் என் முதல் தேர்வு இதுதான்.

## பேரீச்சை, கருப்பட்டி ஸ்வீட்

‘சர்க்கரை சேர்க்காதது’ என்பது வேறு, ‘சர்க்கரை இல்லாதது’ என்பது வேறு. 25 கிராம் பேரீச்சையில் 16 கிராம் அளவுக்குச் சர்க்கரை, நார் 2 கிராம்கூட வராது. கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரையேதான். மணம் அருமை, அதற்காகச் சாப்பிடுங்கள். சுகருக்கு நல்லது என்று தட்டு நிறைய வைக்காதீர்கள். சர்க்கரை நோய் இல்லாத, மலச்சிக்கல் மட்டும் உள்ளவர்களுக்கு உலர் அத்தியும் உலர்ந்த பிளம்ஸும் நல்ல தேர்வு. உலர்ந்த பிளம்ஸில் நாரோடு இயற்கையான சார்பிட்டாலும் இருக்கிறது, அது வேலை செய்யும் ரகசியத்தில் பாதி அதுதான்.

## இசப்கோல்

குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் ஒரு சிறு செடியின் விதை உமி. குஜராத்தின் ஊஞ்சாதான் இதற்குப் பெரிய சந்தை. 10 கிராம் உமியில் சுமார் 8 கிராம் நார். தண்ணீரில் ஊறிக் கூழாகும், ஆனால் பாக்டீரியாக்கள் இதை அவ்வளவாக நொதிக்க வைப்பதில்லை. அதனால் வாயு குறைவு. மலச்சிக்கலில் இளக்கும், இளகிப் போகும்போது கெட்டிப்படுத்தும். சாப்பாட்டோடு எடுத்தால் சர்க்கரை ஏறும் வேகத்தையும் கொஞ்சம் தணிக்கும், கெட்ட கொழுப்பையும் சற்றுக் குறைக்கும்.

எடுக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு ஸ்பூனை அரை டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுப் போன் வந்ததென்று நகர்ந்தால், திரும்பி வரும்போது ஸ்பூன் அதில் நட்டுக்கொண்டு நிற்கும். அதை விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். முழு டம்ளர் தண்ணீரில் கலந்த உடனே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். படுக்கப்போகும் நிமிடத்தில் வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் முக்கியமாக. பலன் தெரிய ஓரிரு நாள் ஆகும். “நேத்து குடிச்சேன், ஒண்ணும் ஆகலை” என்று தூக்கிப் போடாதீர்கள்.

சுகர் உள்ளவர்களுக்கு இன்னொன்று: ஆரஞ்சு சுவையூட்டிய பொடிகளில் சிலவற்றில் சர்க்கரை இருக்கும். சாதா உமியே போதும்.

*எப்போது இதுவே சரி:* பல் இல்லாத பெரியவர்கள், வெளியூர் வேலையில் மெஸ் சாப்பாட்டை நம்பியிருப்பவர்கள், மூலம், ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்கள். *யார் தவிர்க்க வேண்டும்:* விழுங்கச் சிரமப்படுபவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறால் தண்ணீர் அளந்து குடிப்பவர்கள் (டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது).

## ‘ஹை ஃபைபர்’ பிஸ்கட்

100 கிராமில் 6 கிராம் நார் இருந்தாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் சாப்பிடப்போவது மூன்று பிஸ்கட், 25 கிராம் வரும். நார் ஒன்றரை கிராம். அதற்கு மைதாவும் பாமாயிலும் சர்க்கரையும் சேர்த்து வாங்குகிறீர்கள். விலை உயர்ந்த பார்களில் சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இன்யூலின் சேர்ப்பார்கள். அது நார்தான், ஆனால் பெருங்குடலில் வேகமாக நொதிக்கும் நார். வாயுத் தொல்லை உள்ளவர்களுக்கு ஆகாது. பசிக்கு வேறெதுவும் கிடைக்காத இடத்தில் சாப்பிடலாம், அவ்வளவுதான்.

## சாப்பாடு

கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கப் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டலில் 11 கிராம் வாக்கில் நார். ஒரு கொய்யாவில், அளவைப் பொறுத்து, 5 முதல் 8. 50 கிராம் கேழ்வரகு மாவில் செய்த அடையிலோ களியிலோ சுமார் 5. கீரைப் பொரியல் ஒரு கரண்டிக்கு 3. மொத்தம் 24 வந்துவிட்டது, சோற்றையும் சாம்பாரையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. முருங்கைக்கீரை, கொத்தவரங்காய், வாழைத்தண்டு, பச்சைப்பயறு என்று மாற்றிக்கொண்டே போகலாம். செலவிலும் கால் கிலோ சுகர் ஃப்ரீ ஸ்வீட் வாங்கும் காசுக்குப் பல நாள் சுண்டல் ஓடும்.

சிறுதானியம் என்றால் எல்லாமே நார் மலை என்று நினைக்க வேண்டாம். கம்பு, கேழ்வரகு, சோளம் ஆகியவற்றில் 100 கிராமுக்கு 10, 11 கிராம். சாமை, வரகில் அதைவிடக் குறைவு, பாலிஷ் போட்டிருந்தால் இன்னும் குறையும். தவிர, சிறுதானியமும் மாவுச்சத்துதான். கேழ்வரகுக் கூழைச் சொம்பு நிறையக் குடித்தால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு என் ஓட்டு தானியத்தைவிடப் பயறுக்கே.

இதற்கும் விலை உண்டு. 10 கிராமில் இருந்தவர் ஒரே நாளில் 30க்குத் தாவினால், சுகர் ஃப்ரீ ஸ்வீட்டே பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு வயிறு உப்பும். வாரத்துக்கு ஐந்து கிராம் என்ற கணக்கில் ஏற்றுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். பயறை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு குறையும். அப்புறம், சமைப்பது யார் என்ற கேள்வி. அதை அந்தந்த வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

## டப்பாவைத் திருப்பிப் படிக்க

முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் பின்பக்கத்தில், சேர்த்த பொருட்களின் பட்டியலில் உள்ள எண்களைப் பாருங்கள். 420 சார்பிட்டால், 421 மேனிட்டால், 953 ஐசோமால்ட், 965 மால்டிட்டால், 966 லாக்டிட்டால், 967 ஸைலிட்டால். இவை முதல் மூன்று பொருட்களுக்குள் இருந்தால் ஒரு துண்டோடு நிறுத்துங்கள். 968 எரித்ரிட்டால். 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. 1200 என்று இருந்தால் பாலிடெக்ஸ்ட்ரோஸ். ‘ஃபைபர் சேர்த்தது’ என்று ஸ்வீட் டப்பாவில் போட்டிருந்தால் பல நேரம் இதுதான். மிதமாக நல்லது, அதிகமானால் இதுவும் இளக்கும். பாலியால் மலத்தை இளக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் டப்பாவில் ஒரு மூலையில், பொடி எழுத்தில் இருக்கும்.

கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தட்டில் அடுக்கி, ‘சுகர் ஃப்ரீ’ என்று சின்னக் கொடி குத்தி வைத்திருப்பார்களே, அதில் இந்த எண் எதுவும் இருக்காது. “எதுல பண்றீங்க?” என்று கேட்டால் “சுகர் ஃப்ரீ பவுடர்ல சார்” என்று பதில் வரும். பொடியின் பெயர் தெரியாத ஸ்வீட்டைச் சுகர் உள்ளவருக்கு வாங்காமல் இருப்பதே மேல்.

## சரி, யாருக்கு எது?

சர்க்கரை, மலச்சிக்கல் இரண்டும் உள்ள, நன்றாக மென்று சாப்பிடக்கூடியவருக்கு மாலையில் சுண்டல், மதியம் கீரை, தேவைப்பட்டால் சாதா இசப்கோல். இனிப்புக்கு வாரத்தில் ஒருநாள் வீட்டில் செய்த சுக்ரலோஸ் பாயசம் அரை டம்ளர். பண்டிகைக்கு அசல் மைசூர்பாக்கில் பாதித் துண்டு சாப்பிட்டுவிட்டு அந்த வேளை சோற்றைக் குறைத்துக்கொள்வது, சுகர் ஃப்ரீ துண்டு மூன்றைவிட நல்ல பேரம் என்பேன்.

இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் பையில் சுகர் ஃப்ரீ மிட்டாய் மட்டும் வைத்திருந்தால் அதை இன்றே மாற்றுங்கள். சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டும்போது அது உதவாது. வாக்லிபோஸோ அகார்போஸோ சேர்த்து எடுப்பவருக்குச் சாதா சர்க்கரையும் சட்டென்று ஏறாது. குளுக்கோஸ் பொடியோ மாத்திரையோதான் கைவசம் இருக்க வேண்டும்.

நாரைக் கூட்டியும், தண்ணீர் குடித்தும் மூன்று, நான்கு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் காரணம் வேறெங்கோ இருக்கலாம். நாள்பட்ட சர்க்கரையால் குடல் நரம்புகள் தளர்ந்திருக்கலாம், தைராய்டு குறைவாக இருக்கலாம், இரும்பு மாத்திரையோ கால்சியம் மாத்திரையோ மலத்தைக் கட்டியிருக்கலாம். குடல் மந்தமாகிப் போனவருக்கு மேலும் மேலும் நாரைத் திணித்தால் அடைசல்தான் கூடும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, 50 வயதுக்கு மேல் திடீரென்று மலப் பழக்கம் மாறுவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள். போகும்போது மாத்திரைச் சீட்டோடு, சாப்பிடும் சுகர் ஃப்ரீ டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.